பொருளை வைத்து இயக்கும் டிஜிட்டல் மேசை தேவைதானா? தொடுதிரை போதாதா?

எல்லா வேலைக்கும் தேவையில்லை. சில வேலைகளுக்கு அதைப்போல வேறொன்று இல்லை. நானே ஒன்றைச் செய்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

என்னை இதற்குள் இழுத்தது ரியாக்டபிள். பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் செர்ஜி ஜோர்டாவின் குழு உருவாக்கிய இசைக்கருவி அது. ஒளிரும் வட்ட மேசையில் ஒரு கட்டையை வைத்தால் ஒலி பிறக்கும். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் அந்த ஒலியின் குணம் மாறும். 2007-இல் பாடகி பியோர்க்கின் இசைப் பயணத்தில் அது மேடையேறியது.

அதற்காக எழுதப்பட்ட ரியாக்டிவிஷன் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கட்டையின் அடியில் ஒட்டிய கறுப்பு வெள்ளைக் குறியை மேசைக்குக் கீழிருக்கும் கேமரா பார்த்து, எந்தக் கட்டை, எங்கே இருக்கிறது, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிடும். நான் அக்ரிலிக் பலகை, டிரேசிங் பேப்பர், அகச்சிவப்பு விளக்கு, வெப்கேம், பழைய ப்ரொஜெக்டர் இவற்றை வைத்து அப்படியொரு மேசையைச் செய்தேன். ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போனதும் கட்டை மென்பொருளின் பார்வையிலிருந்து காணாமல் போய்விடும்! இரண்டு நாள் மென்பொருளைக் குடைந்த பிறகுதான் புரிந்தது: விளக்கு அக்ரிலிக்கில் நேராகப் பட்டு, அந்த இடத்தில் கேமராவின் கண்ணைக் கூசச் செய்திருக்கிறது. விளக்கைப் பெட்டியின் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன், சரியாகிவிட்டது. பகலில் ஜன்னல் வெயிலும் இதே வேலையைச் செய்யும், திரைச்சீலை கட்டாயம்.

அப்புறம்தான் அதன் அருமை தெரிந்தது. தொடுதிரையில் ஒன்றை இழுக்கும்போது கண்ணை விரலிலிருந்து எடுக்க முடியாது. கட்டையைத் திருகும்போது கை தானாகவே பார்த்துக்கொள்கிறது, கண் விளைவைக் கவனிக்கிறது. எதிரே இருப்பவர் கையை நீட்டினால் கட்டையைக் கொடுத்துவிடலாம். இனி அது அவர் பொறுப்பு. மவுஸ் ஒருவர் கையில் இருக்கும் கூட்டத்தில் இது நடக்கவே நடக்காது. 1999-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் செய்த 'அர்ப்' இதற்கு நல்ல உதாரணம். மேசையில் கட்டட மாதிரிகளை நகர்த்தினால் நிழலும் கூடவே நகரும், காற்று எப்படிச் சுழலும் என்பதும் தெரியும். பக்கத்துக் கட்டடத்தின்மேல் நிழல் விழுவதைக் கண்ணால் பார்த்தபின் வாக்குவாதத்துக்கு என்ன வேலை?

குறையும் உண்டு, பெரிய குறை. செய்ததை ஒரே அழுத்தில் திரும்பப் பெறும் 'அன்டூ' கிடையாது. நேற்றுச் சேமித்ததைத் திறந்தால் திரை பழைய நிலைக்குப் போகும், கட்டை வைத்த இடத்திலேயே கிடக்கும். 2013-இல் அதே மீடியா லேபில் வந்த 'இன்ஃபார்ம்' 900 தண்டுகளை ஏற்றி இறக்கி, மேலிருக்கும் பொருளையே நகர்த்திக் காட்டியது. வீட்டில் செய்யக்கூடியதல்ல. எழுத்து, கணக்கு, பட்டியல் என்றால் சாதாரணத் திரையே மேல்.

செய்து பார்க்க ஆசை இருந்தால் உடனே மேசையை அறுக்க வேண்டாம். குறிகளை அச்சடித்து அட்டையில் ஒட்டி, வெப்கேம் முன்னால் திருப்பிப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.