மகளுக்கு நல்ல செலோ வாங்க ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. எட்டு வயதிலிருந்து செலோ (வயலின் போன்ற, அதைவிடப் பெரிய தந்திக் கருவி) கற்கிறாள். அடுத்த ஆண்டு இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வு. இந்தக் கருவி இனிப் போதாது என்கிறார் ஆசிரியர். என் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதியை எடுத்தால் நல்ல செலோ வாங்கிவிடலாம். எடுக்கட்டுமா?

பதில்: எடுக்காதீர்கள், அம்மா. ஆசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாதாரண செலோவில் அடித் தந்தியை அழுத்தி வாசித்தால் சத்தம் விரியாமல் நெரிபடும். பிள்ளை எவ்வளவு உழைத்தாலும் அதற்கு மேல் போகாது. அவளுக்கு நல்ல கருவி வேண்டும். அது உங்கள் காசில்தான் வர வேண்டும் என்பதில்லை.

இத்தாலியக் கருவி வினைஞர் ஸ்ட்ராடிவாரி 1712இல் செய்த ‘டேவிடோவ்’ செலோவை ஒரு காலத்தில் புகழ்பெற்ற செலோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே வாசித்தார். இப்போது இன்னொரு பெரிய கலைஞரான யோ-யோ மா வாசிக்கிறார், அதுவும் இரவலாக. மாணவர்களுக்கு இரவல் தரும் அறக்கட்டளைகளும் கல்லூரிகளும் உண்டு, விண்ணப்பியுங்கள். கிடைக்கும்வரை வாடகைக்கு எடுங்கள். கட்டிய வாடகையில் ஒரு பகுதியைப் பிறகு விலையில் கழித்துக்கொள்ளும் கடையாகப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. ஆசிரியரை அவருடைய வில்லால் உங்கள் மகளின் செலோவை வாசிக்கச் சொல்லுங்கள். சத்தம் திறந்துகொண்டால், குறை வில்லில் இருக்கிறது. செலோ விலையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வில்லுக்கு ஒதுக்குவது வழக்கம்; பெற்றோர் பலர் அதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். அப்புறம், பழுதுபார்ப்பவரிடம் தந்திகளைத் தாங்கும் குதிரையையும் பெட்டிக்குள் நிற்கும் சிறு குச்சியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குச்சி மயிரிழை நகர்ந்தாலே நாதம் மாறும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

சரி, பணம் எப்போது தேவைப்படும்? படிப்பு முடிந்த பிறகு. படிக்கும்போது கட்டணத்தைத் தவிர்க்க வழி உண்டு: அமெரிக்காவில் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி 1928 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றிலும் கட்டணம் இல்லை. வாழ்க்கைச் செலவு மட்டும்தான். ஆனால் இசைக்குழுக்களில் வேலைக்கான தேர்வுகள் தொடங்கினால் நிலைமை வேறு. ஓர் இடத்துக்குப் பல பேர் வருவார்கள். முதல் சுற்று பெரும்பாலும் திரைக்குப் பின்னால். ஹைடனின் டி மேஜர் கான்செர்ட்டோவை (செலோவுக்கு எழுதிய படைப்பு) சில நிமிடம் வாசித்ததும் ‘நன்றி’ என்று அனுப்பிவிடலாம். அந்தச் சில நிமிடத்துக்கு விமானத்தில் போனால் இரண்டு டிக்கெட்: ஒன்று அவளுக்கு, ஒன்று செலோவுக்கு. அதைச் சரக்கறையில் போட மனம் வராது. இப்படிப் பல பயணங்கள். நடுவில் வருமானம் என்றால் சிறுவர்களுக்குப் பாடம், விடுப்பில் போனவருக்குப் பதில் வாசிப்பு, ஒரு மாதம் வரும், மறு மாதம் வராது.

ஆகவே இப்போதிருந்தே மாதாமாதம் முடிந்ததைத் தனிக் கணக்கில் போடுங்கள். அவளுடைய ஒரு வருடச் செலவு சேரட்டும். ஐந்து வருடத்தில் கேட்கப்போகிற பணம் என்பதால் பங்குச் சந்தை வேண்டாம், வைப்புத்தொகை போதும்.

வாடகைக் கருவியோ இரவலோ, வீட்டுக்கு வருவதற்கு முன் காப்பீடு எடுத்துவிடுங்கள். காசு வாங்கி வாசிக்கும் கச்சேரிகளுக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.