சாரின் 37 வருடங்கள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் தாத்தா காலமாகிவிட்டார். வயது 95. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ‘இங்கிலீஷ் சார்’. 1951-ல் பள்ளியில் சேர்ந்து 1987-ல் ஓய்வு பெற்றவர். துக்கம் கேட்க வந்த பழைய மாணவர்கள் எல்லோரும் வகுப்பைப் பற்றியே பேசினார்கள். பிரம்பு, டிக்டேஷன், நாலு வரி நோட்டு. நான் பிறந்ததே அவர் ஓய்வு பெற்ற பிறகுதான். எனக்குத் தெரிந்தவர் வாசல் படிப்புரைத் திண்ணையில் உட்கார்ந்து யார் யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்த ஒரு வயசாளி. 41-ஆம் நாள் என்னைப் பேசச் சொல்கிறார்கள். “ரிட்டயர் ஆனதுக்குப் பிறகு சொல்ல என்ன இருக்கு, சும்மாதானே இருந்தாரு” என்கிறார் பெரியமாமா. நீங்கள் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்தவர். நான் என்ன பேசட்டும்?

விளவங்கோட்டிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

உன் பெயரைப் போடாமல் வெளியிடுகிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் உன் கடிதத்திலேயே இருக்கிறது. 1951 முதல் 1987 வரை 36 வருடம். 1987-லிருந்து அவர் காலமாகும் வரை 37 வருடம். வேலை பார்த்ததைவிட ஓய்வில் இருந்த காலம் ஒரு வருடம் அதிகம். அதைச் சும்மா இருந்தார் என்று எப்படிச் சொல்வது?

நான் அவரிடம் படித்தவன் இல்லை. என் அண்ணன் படித்தான். அண்ணனைப் பார்த்து எனக்குப் பொறாமை. அவன் வீட்டில் இங்கிலீஷ் வாசித்தால் வேறு மாதிரி கேட்கும். காரணத்தைப் பிற்பாடு சாரே சொன்னார். தமிழ்ப் பிள்ளைகள் ‘டேபிள்’ என்று சொல்ல நாக்கை மடக்கி மேலே கொண்டுபோவார்கள். இங்கிலீஷ்காரனின் ‘ட’ அங்கே இல்லை, பல்லுக்குச் சற்று மேலே இருக்கிறது. மலையாளம் பேசுகிற வீட்டுப் பிள்ளை ‘பற்றி’ என்று சொல்லும்போது நாக்கு எங்கே தொடுகிறதோ, கிட்டத்தட்ட அதே இடம். அவர் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், பாதிப் பேர் வீட்டில் மலையாளம். “அவன் பற்றின்னு சொல்லும்போ அவன் வாயப் பாருலே” என்பாராம். ற, ன இரண்டும் நாக்கின் நுனி அண்ணத்தில் ஒற்றுவதால் பிறப்பவை என்று தொல்காப்பியம் சொல்வதை அந்த வகுப்பிலேயே எடுத்துக்காட்டுவார். அந்த நூலை அவையில் கேட்டவர் அதங்கோட்டு ஆசான் என்கிறது பனம்பாரனாரின் பாயிரம். அது நம் அதங்கோடுதான் என்பது ஊர் நம்பிக்கை. சார் பிறந்தது அதற்குப் பக்கத்தில். அதில் அவருக்கு இருந்த பெருமையை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

1956 நவம்பர் 1-ல் நம் குமரியின் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அவர் அதே பள்ளியில் அதே வகுப்பில்தான் இருந்தார். இதையெல்லாம் மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். நீ படிப்புரையைப் பற்றிப் பேசு.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அங்கே ஆள் இருக்கும். கருப்புக்கட்டிக் காப்பி வரும். கல்ஃபுக்குப் போகிற பையன்கள் அக்ரிமெண்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒருவனுக்கு நாளைக்குப் பணம் கட்ட வேண்டும். தங்குமிடம் கம்பெனியே கொடுக்கும் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார். ‘ஷல்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மே’ என்று இருந்தது. “தரலாம்னுதான் போட்டிருக்கான் மக்கா. தருவான்னு எங்க இருக்கு?” அந்தப் பையன் பணம் கட்டவில்லை. ஒரு துணைவினையைக் கற்றுக்கொடுக்க வகுப்பில் ஒரு வாரம் ஆகும் என்பார். படிப்புரையில் ஒரு நிமிடத்தில் விளங்கியது.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரிந்திருக்காது. நீ அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாய். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடலுக்குப் போன நம் ஆட்கள் எத்தனையோ பேர் கரை சேரவில்லை. ஒன்றிரண்டு மாதம் கழித்து தூத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகனைப் பற்றி டெல்லிக்கு இங்கிலீஷில் மனு அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஒருவர் எழுதிக் கொடுத்ததை யாரிடமோ வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதில் எல்லாமே ‘இருந்தான்’, ‘செய்தான்’. அந்த அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “இருந்தான்னு எழுதாதீங்க சாரே” என்று மட்டும்தான் சொன்னார்.

சாருக்கு அப்போது 88 வயது. கை நடுங்கும். அன்று எழுதியது ஒரே பக்கம், ஆனால் விளக்கு வைத்த பிறகும் முடியவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். இன்ன நாளில் கடலுக்குப் போனான் என்ற ஒரு வரி மட்டும் இறந்தகாலம். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன் என்பது நிகழ்காலம். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்த அம்மாவிடம் பேசினார். “தமிழ்ல திரும்பவில்லைன்னு ஒரே வார்த்தைதான். இங்கிலீஷ்ல அதுக்கு ரெண்டு உண்டு. டிட் நாட் ரிட்டர்ன்னு எழுதினா கதை முடிஞ்சு போச்சு. ஹேஸ் நாட் ரிட்டர்ன்ட்னு எழுதினா இந்த நிமிஷம் வரைக்கும் வரல்லைன்னு அர்த்தம். நான் ரெண்டாவததான் எழுதப்போறேன், சம்மதமா?”

அந்த அம்மா தலையாட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஏழு வருடம் தகவல் இல்லாத ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். சாருக்கும் அது தெரியும். நிவாரணத்துக்கு என்னென்ன தாள் கேட்பார்கள் என்பதும் தெரியும். அதையெல்லாம் அடுத்த வாரம் அந்த அம்மாவின் தம்பியை வரச் சொல்லி அவரிடம் தனியாகச் சொன்னார். இத்தனை வருடங்கள் பிள்ளைகளுக்கு அவர் கற்பித்த இலக்கணக் காலங்களில் எல்லோரும் தப்பு விடுவது இந்த ‘ஹேஸ்’ ஒன்றில்தான். அதை ஒரு பெண்ணின் துக்கத்துக்குச் சரியாகப் பொருத்தியதை நான் வேறு எந்தப் பண்டிதரிடமும் பார்த்ததில்லை.

ஒவ்வொரு மனுவுக்கும் கார்பன் வைத்து நகல் எடுப்பார், ஞாபகம் இருக்கிறதா? அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பச்சைத் தகரப்பெட்டி முழுக்க அதுதான். மற்றவர்களின் வீட்டு விஷயம் என்பதால் பெயர்களை வாசிக்க வேண்டாம். 41-ஆம் நாள் நான் காலையிலேயே வந்துவிடுகிறேன், சேர்ந்து பார்ப்போம். அதுவரை அந்தப் பெட்டியை யாரும் பழைய சாமான் வாங்குகிற ஆக்கரிக்காரனுக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்.