நிறம் போனால் நஞ்சு போய்விடுமா? ஆக்சைடு நானோ பொருள்கள்: கேள்வி பதில்

கோவை, பொறியியல் மாணவர்: மேடம், எம்.க்யூ-135 என்ற வாயு சென்சார் வைத்து வகுப்பறையில் கார்பன் டை ஆக்சைடு அளக்கிறேன். மதியத்தில் நன்றாக ஏறுகிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம் தம்பி. அந்த வலை மூடிக்குள் இருப்பது டின் ஆக்சைடு. அதை 200 முதல் 400 டிகிரி வரை சூடாக்கினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் மேலே ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும், மின்தடை ஏறும். ஆல்கஹால், கார்பன் மோனாக்சைடு, சமையல் கேஸ் போல எரியக்கூடியது எது வந்தாலும் அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து எலக்ட்ரானை விடுவிக்கும், தடை இறங்கும். கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். அந்த ஆக்சிஜனோடு அதற்கு வேலையே இல்லை. மதியத்தில் ஏறுவது மூச்சு ஈரமாக, உடல் வாடையாக, யாரோ போட்ட சென்ட்டாக இருக்கலாம். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்.டி.ஐ.ஆர். சென்சார் வாங்குங்கள்.

மதுரை, இயற்பியல் ஆசிரியர்: சென்சாருக்கு டின் ஆக்சைடின் சாதாரணப் பொடி போதாதா? நானோ எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பறிப்பது துகளின் தோலில் மட்டும்தான். டின் ஆக்சைடில் அந்தத் தோலின் தடிமன் ஏறக்குறைய 3 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு). பெரிய துகளில் உள்பகுதிக்குச் சேதியே போகாது. துகளின் குறுக்களவு 6 நானோமீட்டருக்குக் கீழே போனால் முழுத்துகளும் தோலாகிவிடும். உணர்திறன் சட்டென்று எகிறும். 1991-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் யமசோயே குழு இதைக் காட்டியது. அதே பல்கலைக்கழகத்தில்தான் 1962-இல் செய்யாமா, துத்தநாக ஆக்சைடு படலம் வாயுவை உணர்வதைக் கண்டார். ஆனால் ஒரு சிக்கல். சூட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் சின்னத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடும். முதல் நாள் அளவை மட்டும் காட்டும் கட்டுரையை நான் முழுதாக நம்புவதில்லை.

சேலம்: சென்சார் ஒரே வாரத்தில் மந்தமாகிவிட்டது. பெட்டியை சிலிக்கோன் பசை போட்டுத்தான் ஒட்டினேன்.

அந்தப் பசைதான் காரணமாக இருக்கும். அதன் ஆவி சூடான பரப்பில் சிலிக்காவாகப் படிந்து மூடிவிடும்; திரும்பாது. புது சென்சார் போடுங்கள், ஒன்றிரண்டு நாள் மின்சாரம் கொடுத்துச் சூடாகவிட்டு அப்புறம் அளவெடுங்கள். எல்லோருக்கும் சொல்கிறேன்: சென்சார் பக்கத்தில் சிலிக்கோன் வேண்டாம்.

திருச்சி: எம்.க்யூ-135-இல் கார்பன் டை ஆக்சைடுக்கு என்ன சூத்திரம்?

முதல் பதிலைப் பாருங்கள்.

நாகர்கோவில், இல்லத்தரசி: கேஸ் கசிவு அலாரத்தை எங்கே மாட்டுவது? தம்பி செய்து தருகிறேன் என்கிறான்.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டுங்கள். தம்பி செய்தது படிப்புக்கு இருக்கட்டும் அக்கா. உயிருக்குத் தரச்சான்று பெற்ற கருவியை வாங்குங்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிடுங்கள்.

ஈரோடு, ஆய்வு மாணவி: துத்தநாக ஆக்சைடு நானோ பொடியால் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை வெயிலில் 90 நிமிடத்தில் 98 சதவீதம் சிதைத்தேன். திருப்பூர் சாயக்கழிவுக்குத் தீர்வு இதுதானே?

நிறம் 98 சதவீதம் போயிருக்கிறது. சிதைந்ததா என்று இன்னும் தெரியாது. சாயம் பொடியில் ஒட்டியிருக்கலாம், நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருக்கலாம். அந்தப் பொடிக்குப் புற ஊதா ஒளி வேண்டும். வெயிலில் அது நூற்றில் நான்கைந்து பங்குதான். மிச்ச வெளிச்சத்தை விழுங்குவது சாயமே.

அதே மாணவி: எல்லாக் கட்டுரைகளிலும் இப்படித்தானே அளக்கிறார்கள்?

அதனால்தான் வருத்தப்படுகிறேன் அம்மா. பொடியோடு இருட்டில் ஒரு தடவை, பொடி இல்லாமல் வெயிலில் ஒரு தடவை செய்து ஒப்பிடுங்கள். நீரில் கரிமப் பொருள் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மொத்தக் கரிமக் கார்பனை அளங்கள்; அது குறைந்தால் நானே கைதட்டுவேன். இன்னொன்று, நொய்யல் ஆற்றைக் கெடுத்தது நிறம் மட்டுமல்ல, உப்பு. பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பைக் கொட்டுகிறோம். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் பாழானதும் அதனால்தான். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. உங்கள் பொடிபோல ஒளியில் வேலை செய்யும் எந்த வினையூக்கியும் உப்பைத் தொடாது.

திருப்பூர், சுத்திகரிப்பு நிலைய ஊழியர்: மேடம், பாப்பாவை அப்படி ஒதுக்காதீர்கள். உப்பை நாங்கள் ஆர்.ஓ.வில் பிரிக்கிறோம். சவ்வை அடைப்பது மிச்சமிருக்கும் கரிமப் பொருள்தான். அதைக் குறைத்தாலே எங்களுக்குப் பெரிய உதவி.

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆர்.ஓ.வுக்கு முன்னால் இதற்கு உண்மையான வேலை இருக்கிறது.

தஞ்சாவூர்: எம்.க்யூ-135 கார்பன் டை ஆக்சைடு...

மூன்றாவது முறை. இல்லை.

ஈரோடு அம்மா, திருப்பூர் அண்ணனிடம் பத்து லிட்டர் நிஜக் கழிவுநீர் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள குளோரைடு உங்கள் வினையை மந்தமாக்கும், 98 நிற்காது. வடிகட்டிய நீரில் கரைந்திருக்கும் துத்தநாகத்தையும் அளங்கள், அது மீனுக்கு நஞ்சு. வரும் எண் பத்து சதவீதமாக இருந்தாலும் இங்கே எழுதுங்கள்.