பெருங்கடையை விட்டு வந்தவளிடம் கேளுங்கள்

என் துப்பறியும் தொடரின் மின்னூல்களை ஒரு பெரிய இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, சொந்தத் தளத்தில் விற்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. நாங்களும் இப்படி வெளியே வரலாமா என்று கேட்டு எழுதிய எழுத்தாளர்களில் பெரும்பாலோர் அமேசானில் விற்பதால் அதன் விதிகளை வைத்தே பேசுகிறேன்.

அக்கா, ராயல்டி போதவில்லை என்றுதானே வெளியே வந்தீர்கள்?

இல்லை தம்பி. 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால் அமேசான் 70 சதவீதம் தருகிறது. கோப்பின் எடைக்கு ஒரு மெகாபைட்டுக்கு 15 சென்ட் கழியும், அவ்வளவுதான். 4.99 டாலர் நூலுக்குக் கிட்டத்தட்ட மூன்றரை டாலர் கைக்கு வரும். சொந்தத் தளத்தில் விற்றால், கார்டு கட்டணமாக 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் போக நாலரை டாலர். இந்த ஒரு டாலருக்காக யாரும் இத்தனை பாடு படவேண்டாம்.

என்னை உறுத்தியது வேறு. இத்தனை நூல் விற்றும் வாங்கியவர் ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அடுத்த பாகம் வந்தால் அவர்களிடம் போய்ச் சொல்ல வழியில்லை. இப்போது யார் வாங்கினாலும், சம்மதித்தால், மின்னஞ்சல் முகவரி என்னிடம் இருக்கிறது. நான் வெளியே வந்தது அதற்காக.

அப்படியானால் பணத்தில் பெரிய லாபம் இல்லையா?

ஒற்றை நூலில் இல்லை. தொகுப்பில் இருக்கிறது. ஐந்து நாவல்களைச் சேர்த்து 14.99 டாலருக்கு அமேசானில் வையுங்கள்: 9.99-ஐத் தாண்டியதும் பங்கு 35 சதவீதமாகிவிடும், கைக்கு 5.25 டாலர். அதே தொகுப்பு உங்கள் தளத்தில் விற்றால் 14 டாலருக்கு மேல் வரும். அதனால்தான் என் தளத்தின் முகப்பில் தொகுப்புதான் நிற்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 0.99 டாலர் நூலை நேரடியாக விற்றால் அந்த 30 சென்ட் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். சில்லறை விலை நூலை விற்பதைவிட, உங்கள் மின்னஞ்சல் பட்டியலில் சேர்பவருக்கு இலவசமாகக் கொடுப்பது மேல்.

நாளைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

தயவுசெய்து வேண்டாம். முதலில் உங்கள் நூல்கள் கேடிபி செலக்டில், அதாவது மின்னூலை அமேசானில் மட்டுமே விற்க ஒப்புக்கொள்ளும் திட்டத்தில், இருக்கின்றனவா என்று பாருங்கள். வாசகர்கள் சந்தா கட்டி நூல்களை இரவல் எடுத்துப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் நூல் இருந்தால் செலக்டில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது 90 நாள் ஒப்பந்தம். அந்த நாள்களில் மின்னூலை வேறெங்கும், உங்கள் சொந்தத் தளத்தில்கூட விற்கக்கூடாது. தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் தேர்வை நீங்கள்தான் நீக்க வேண்டும். என் தோழி ஒருத்தி நீக்க மறந்துவிட்டு, புதுக்கடைத் திறப்பை ஊருக்கெல்லாம் அறிவித்தாள். பிறகு மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அச்சுநூலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதை அங்கேயே விட்டுவையுங்கள். புதிய வாசகர் தேடும்போது உங்கள் பெயர் கண்ணில் படட்டும்.

அங்கேயும் வைத்துக்கொண்டு என் தளத்தில் விலை குறைத்து விற்கலாமா?

மின்னூலின் பட்டியல் விலை வேறெங்கும் இருப்பதைவிட அமேசானில் அதிகமாக இருக்கக்கூடாது என்பது விதி. குறைத்து விற்றால் அவர்களும் விலையை இறக்கிவிடலாம். ஆகவே விலையை அப்படியே வைத்துவிட்டு, அங்கே கிடைக்காததைக் கொடுங்கள்: தொகுப்பு, கூடுதல் அத்தியாயம், கையெழுத்திட்ட பிரதி.

மின்னஞ்சல் பட்டியலே என்னிடம் இல்லையே?

அப்படியானால் இப்போது கிளம்பாதீர்கள். கடைத்தெருவை விட்டுவிட்டுக் காட்டுக்குள் கடை போட்டது மாதிரி ஆகிவிடும். ஏற்கெனவே விற்கும் நூல்களின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறுகதையை இலவசமாகத் தருவதாகச் சொல்லி, பட்டியலில் சேரும் இணைப்பைக் கொடுங்கள். ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும். நான் பொறுமையில்லாமல் திறந்த முதல் வாரத்தில் பதினொரு பேர் வாங்கினார்கள். அதில் இருவர் என் சித்தி பிள்ளைகள்.

வாசகர்கள் அமேசானின் கிண்டில் படிப்புக் கருவியை வைத்திருக்கிறார்களே, என்னிடம் வாங்கினால் படிக்க முடியுமா?

முடியும். 2022 முதல் 'செண்ட் டு கிண்டில்' என்ற அமேசான் வசதி வழியாக, மின்னூலுக்கான பொது வடிவமான இபப் கோப்பையே அனுப்பலாம். ஆனால் எனக்கு வரும் உதவிக் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். புக்ஃபனல் போன்ற சேவையிடம் விநியோகத்தை ஒப்படைத்தால் அவர்களே வாசகருக்கு வழிகாட்டுவார்கள். அந்தச் சந்தாவைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுங்கள்.

திருட்டுப் பிரதி?

நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட கோப்பும்தான் களவு போகிறது. நான் பூட்டுவதில்லை.

வரி என்றாலே பயமாக இருக்கிறது மேடம்.

பயம் நியாயமானதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் மின்பொருளுக்கு வாங்குபவர் வசிக்கும் நாட்டின் வரிதான். பெருங்கடையில் இந்தத் தலைவலியை அவர்களே சுமந்தார்கள். நேரடியாக விற்றால் அது உங்கள் தலையில். சட்டப்படி தாங்களே விற்பவராக நின்று வரி கட்டும் தளங்கள் இருக்கின்றன. கம்ராட் 2025 ஜனவரி 1 முதல் அப்படித்தான் செய்கிறது. பங்கு கொஞ்சம் அதிகம் எடுப்பார்கள். தொடக்கத்தில் அந்த வழியில் போய், விற்பனை வளர்ந்த பிறகு ஒரு கணக்காளரைப் பிடியுங்கள்.

அக்கா, நூலை எடுத்துவிட்டால் முன்பு வாங்கியவர்களிடமிருந்தும் போய்விடுமா?

போகாது. விற்பனையிலிருந்து விலக்கினாலும் வாங்கியவரின் நூலகத்தில் அது இருக்கும். ஆனால் சந்தாவில் இரவல் எடுத்துப் பாதியில் நிற்பவர்கள் இருப்பார்கள். அவர்களை நினைத்துத்தான் தொடரின் நடுப் பாகம் ஒன்றை மட்டும் திடீரென்று எடுக்காதீர்கள் என்கிறேன். நான் மூன்றாம் பாகத்தை முதலில் எடுத்துவிட்டு, "கொலைகாரன் யார்?" என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு ஒரு மாதம் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.