ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் முடித்தால் என்ன வேலைக்குப் போகலாம்? பேசாமல் ஐடிக்கே போய்விடலாமா?

கேட்டிருப்பவர் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது இடம் சார்ந்த தகவலைக் கணினியில் கையாளும் படிப்பின் இறுதியாண்டு மாணவர். கூடப் படிக்கிறவர்கள் பலர் ஐடி கம்பெனி ஆஃபரோடு இருக்கிறார்கள். வேலைத் தளங்களில் 'ஜிஐஎஸ்' (புவித் தகவல் அமைப்பு) என்று தேடினால் குறைந்த சம்பளத்தில் டிஜிடைசிங் வேலைகள்தான் வருகின்றன. இந்தத் துறையில் இருப்பதா, விட்டுவிடுவதா என்பது அவர் கேள்வி. நானும் இதே படிப்புதான். நகராட்சிகளின் குடிநீர், பாதாளச் சாக்கடைத் திட்டங்களுக்கு வரைபடமும் தரவும் தயாரிக்கும் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன்.

இருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் 'ஜிஐஎஸ் வேலை' என்று தேடுவதை முதலில் நிறுத்துங்கள். அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் அடிமட்ட வேலை. நல்ல வேலைகள் தண்ணீர், நிலம், கடற்கரை, பயிர், மின்சாரம், போக்குவரத்து என்ற பெயர்களில் இருக்கின்றன. அங்கே ஜிஐஎஸ் என்பது விளம்பரத்தின் நாலாவது வரியில் வரும் ஒரு தகுதி. எந்தத் துறையின் பிரச்சினையைத் தீர்க்கப் போகிறோம் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால், உங்கள் படிப்புக்கு மதிப்பு வந்துவிடும்.

டிஜிடைசிங் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத், நொய்டா, சென்னை போன்ற இடங்களில் இருந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காகச் சாலை, கட்டடம், மின்கம்பம் என்று படத்தைப் பார்த்துக் கோடு போடும் வேலை அது. தரச் சோதனை எப்படி நடக்கிறது, பிழை எங்கே நுழைகிறது என்று கற்றுக்கொள்ள முதல் வருடத்துக்கு நல்லதுதான். அதற்கு மேல் அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். கட்டடங்களின் வெளிக்கோட்டைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து இப்போது கணினியே எடுத்துக் கொடுக்கிறது. மைக்ரோசாஃப்ட்டும் கூகுளும் அப்படி எடுத்ததை இலவசமாகவே வெளியிட்டிருக்கின்றன. இனி கோடு போடுகிறவரைவிட, போட்ட கோடு சரிதானா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை.

எங்கள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நகராட்சியின் பாதாளச் சாக்கடையைப் பதிய வேண்டும் என்றால், ஒவ்வொரு மேன்ஹோல் மூடிக்கும் டிஜிபிஎஸ் (துல்லியம் கூடிய ஜிபிஎஸ்) வைத்து இடம் எடுக்க வேண்டும். மூடியைத் திறந்து அடிமட்ட ஆழத்தை அளக்க வேண்டும். அலுவலகத்துக்கு வந்து குழாயை வரையும்போது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, அதாவது கழிவு ஓடும் திசையிலேயே கோடு போக வேண்டும். கோட்டின் முனை மேன்ஹோல் புள்ளியில் சரியாக ஒட்டியிருக்க வேண்டும். திரையில் பார்த்தால் ஒட்டியதுபோலத் தெரியும். பெரிதாக்கினால் கையளவு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி ஒன்று போதும், கழிவோட்டத்தைக் கணக்கிடும் கணினி மாடலில் அந்தத் தெருவே இணைப்பில்லாமல் நிற்கும். குடிநீர் வால்வுகளின் கதை வேறு. பழைய வரைபடத்தில் இருக்கும் வால்வு தெருவில் இருக்காது, புதுத் தார் போட்டதில் மூடிப்போயிருக்கும். அந்த வார்டில் வருடக்கணக்காகத் தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் வந்து, 'அந்த டீக்கடைக்கு நேரே தோண்டுங்க' என்பார். அங்கேதான் இருக்கும். அவரிடம் மரியாதையாகப் பேசி, அவர் சொல்வதைத் தரவாக மாற்றத் தெரிந்த பட்டதாரிகளுக்கு இந்தத் துறையில் என்றைக்கும் தேவை இருக்கிறது. மின்வாரியம், எரிவாயுக் குழாய், டெலிகாம் ஃபைபர் எல்லாவற்றிலும் இதே வகை வேலைதான். வளைகுடா நாடுகளில் நம்மவர்கள் அதிகம் பார்க்கும் ஜிஐஎஸ் வேலையும் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது நிலம். நம்மூர் நில அளவைக்கு நீண்ட வரலாறு உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான். 1802-இல் ஆங்கிலேய அளவையாளர் லாம்டன், இந்தியாவை அளந்த தன் பெரும் அளவைக்கான ஆதாரக் கோட்டைப் (பேஸ்லைன்) பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் அளந்தார். இன்றைய பிரச்சினை எஃப்எம்பி எனப்படும் புலப்படங்களில் இருக்கிறது. பட்டாவைப் போலவே அவற்றையும் இணையத்தில் எடுக்கலாம், ஆனால் அவை ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியாக அளந்து வரைந்தவை. ஒரு கிராமத்தின் புலங்களை அடுத்தடுத்து வைத்துச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பாருங்கள். ஒன்றின் எல்லை பக்கத்துப் புலத்தின்மேல் ஏறும். இன்னோர் இடத்தில் யாருக்கும் சொந்தமில்லாத சந்து விழும். எந்தக் கல்லை ஆதாரமாக வைப்பது, பிழையை எப்படிப் பகிர்வது என்று முடிவெடுக்க அளவையும் தெரிய வேண்டும், வருவாய்த் துறை நடைமுறையும் தெரிய வேண்டும். நெடுஞ்சாலை, மெட்ரோ, ரயில் பாதை என்று நிலம் எடுக்கும் எந்தத் திட்டத்திலும் இதற்கு ஆள் தேடுகிறார்கள். சர்வே ஆஃப் இந்தியா அமைத்துவரும் கோர்ஸ் நிலையங்களால் (ஜிபிஎஸ் பிழையைத் திருத்த உதவும் நிரந்தர நிலையங்கள்) சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. ஆகவே இந்த வேலை இன்னும் பெருகும் என்றே நினைக்கிறேன்.

கடற்கரை, பயிர், வெள்ளம் மூன்றும் ஆராய்ச்சி விருப்பம் உள்ளவர்களுக்கு. சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே தேசிய நிலைத்தகு கடலோர மேலாண்மை மையம் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை வரைபடங்கள் அவர்கள் வேலைகளில் ஒன்று. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நெல் பரப்பை ரேடார் படங்களால் கணக்கிடுகிறார்கள். சம்பா பயிர் நிற்கும் நேரம் வடகிழக்குப் பருவமழை, வானம் முழுக்க மேகம். சாதாரணப் படத்தில் வயலே தெரியாது. ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். பயிர்க் காப்பீட்டு நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு தேவை என்பதால் தனியார் வேலைகளும் இதில் உண்டு.

அரசு நிறுவனங்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஹைதராபாத் என்ஆர்எஸ்சி (தேசியத் தொலையுணர்வு மையம்), டேராடூன் ஐஐஆர்எஸ் (தொலையுணர்வுப் பயிற்சி நிறுவனம்) போன்ற இஸ்ரோ நிறுவனங்களிலும் மற்ற மையங்களிலும் நிரந்தர இடங்கள் குறைவு. ப்ராஜெக்ட் அசோசியேட், ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) என்று திட்டம் முடியும்வரையிலான ஒப்பந்த இடங்கள்தான் அடிக்கடி வரும். அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம், அங்கே கிடைக்கும் தரவும் வழிகாட்டலும் வெளியே கிடைக்காது. ஆனால் திட்டம் முடிகிற தேதியை மனதில் வைத்து அடுத்ததைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். மேற்படிப்பு ஆசை இருந்தால், முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்வில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸ் இன்ஜினியரிங் தனித் தாளாகவே இருக்கிறது. முன்பு சிவில் மாணவர்களோடு அவர்கள் பாடத்தில் மோத வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் படித்ததிலேயே எழுதலாம்.

தனியார் பக்கம் கதவு திறந்தது 2021 பிப்ரவரியில். அதுவரை வரைபடம் தயாரிக்க ஒவ்வொன்றுக்கும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த மாதம் மத்திய அரசு வெளியிட்ட புவியிட வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்களுக்கு அந்தத் தேவையை நீக்கின. அதே ஆண்டு ட்ரோன் விதிகளும் தளர்ந்தன. 2022-இல் தேசியப் புவியிடக் கொள்கை வந்தது. மேப்மைஇந்தியா, ஜெனிசிஸ் போன்ற நிறுவனங்களோடு, டெலிவரி, வாடகைக் கார் செயலிகளும் சொந்தமாக வரைபடக் குழு வைத்திருக்கின்றன. ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் வாங்கப் பலர் ஓடுகிறார்கள். வாங்கினால் நல்லது. ஆனால் பறக்கவிடுவதைவிட, தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (இடம் துல்லியமாக அளந்த தரை அடையாளங்களை) சரியாக வைத்து, எடுத்த படங்களை அளவு தவறாத ஒரே படமாக்குகிறவருக்கு மதிப்பு கூடுதல்.

சரி, இப்போது என்ன கற்றுக்கொள்வது? ஜிஐஎஸ் மென்பொருள்களில் ஆர்க்ஜிஐஎஸ்ஸோ கியூஜிஐஎஸ்ஸோ ஒன்று நன்றாகத் தெரிந்தால் போதும். அதற்கு அப்புறம் தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல், இடத் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ், புரோகிராம் எழுதப் பைத்தான். லட்சக்கணக்கான கட்டடங்களில் எவை நீர்நிலை எல்லைக்குள் இருக்கின்றன என்று மவுஸை வைத்துத் தேட முடியாது. நாலு வரி எஸ்கியூஎல் அதைச் செய்யும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும் முறையான ப்ரொஜெக்‌ஷனைப் புரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டை 78 டிகிரி தீர்க்கரேகை வெட்டிக்கொண்டு போகிறது. பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யூடிஎம் முறையில் 43-ஆம், 44-ஆம் மண்டலங்களின் எல்லை அதுதான். கோவை, ஈரோடு, திண்டுக்கல் நகரங்கள் 43-இல், சேலம், மதுரை, திருச்சி 44-இல். திண்டுக்கல்லுக்கு 43-இல் எடுத்த அளவை 44 என்று குறித்துத் திறந்தால், உங்கள் ஊர் வங்காள விரிகுடாவில் போய் விழும். மென்பொருள் பிழைச் செய்தி எதுவும் காட்டாது. நேர்முகத் தேர்வுகளில் இதை நான் கேட்பதுண்டு, நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் திணறுகிறார்கள்.

ஐடி ஆஃபர் கையில் இருந்து, வீட்டில் கல்விக் கடன் நெருக்குகிறது என்றால் தயங்காமல் போங்கள். முடிந்தால் டேட்டாபேஸ் அல்லது பேக்எண்ட் பக்கம் கேட்டு வாங்குங்கள். வரைபடச் செயலி செய்யும் நிறுவனங்கள் தேடுவது, புரோகிராம் எழுதத் தெரிந்து புவியியலும் புரிந்தவரை. அப்படிப்பட்டவர்கள் குறைவு, அதனால் இரண்டொரு வருடம் கழித்தும் திரும்பி வரலாம்.

எந்தப் பக்கம் போனாலும், கல்லூரி முடிவதற்குள் சொந்தமாக ஒரு வேலை செய்து வையுங்கள். உங்கள் ஊர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், அவற்றில் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர். சில வருடங்களின் ஜனவரி மாதப் படங்களை இறக்கி, நீர்ப்பரப்பு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். பழைய டோப்போ ஷீட்டில் (சர்வே ஆஃப் இந்தியாவின் நிலவரைபடத் தாளில்) இருக்கும் ஏரி எல்லையை அதன்மேல் வையுங்கள். அப்புறம் நேரில் போய்க் கரை, மதகு, கலங்கல் எல்லாம் வரைபடத்தில் இருக்கும் இடத்தில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். செய்ததை எழுதி, ஸ்கிரிப்ட்டோடு கிட்ஹப்பில் போடுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் சான்றிதழ்களை விரைவாகப் புரட்டிவிட்டு இப்படிப்பட்ட வேலையைத்தான் திறந்து பார்ப்பேன். வண்ணங்கள் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. படம் எந்தத் தேதியில் எடுத்தது, எந்த ப்ரொஜெக்‌ஷனில் இருக்கிறது என்ற இரண்டு தகவலும் வரைபடத்தின் மூலையில் இருக்கிறதா என்று பார்ப்பேன்.