சுவரில் என்ன வரையலாம்?

வணக்கம் டீச்சர். எட்டாவதோடு பெண் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள், பள்ளிச் சுவரில் விழிப்புணர்வு ஓவியம் வரைய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒன்று: பள்ளிச் சுவர் வேண்டாம். பார்க்க வேண்டியவர்கள் அப்பாக்களும் தாத்தாக்களும். ரேஷன் கடை எதிரிலோ பஸ் ஸ்டாப்பிலோ இடம் கேளுங்கள்.

சிறகு முளைத்த பெண், கையில் புத்தகம் எல்லாம் பார்த்துச் சலித்த படங்கள். பிள்ளைகளிடமே தாளைக் கொடுத்து, "காலையில் எழுந்ததும் என்ன செய்கிறாய், உன் அண்ணன் என்ன செய்கிறான்?" என்று வரையச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிக் கேட்டபோது ஒரு பெண் இடுப்பில் தம்பி, கையில் குடம், கதவோரம் ஆணியில் தொங்கும் பள்ளிப் பை என்று வரைந்தாள். அதையே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினோம். நின்று பார்க்காதவர்கள் குறைவு.

சுண்ணாம்புச் சுவரென்றால் நன்றாகச் சுரண்டிவிட்டு பிரைமர் அடியுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

அப்புறம், ஓரத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் எழுதுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். சிறுவயதுத் திருமணம் பேசினால் அழைக்க குழந்தைகள் உதவி எண் 1098.