பில்லில் இந்த வரி எதற்கு? இணையக் கொள்முதல் கேள்வி–பதில்

தீபாவளி நேரம் என்பதால் சேலை, சுடிதார் கடிதங்களே அதிகம். மலேசிய வாசகர்களின் ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

சென்னைக் கடைச் சேலை ஒன்றை இணையத்தில் 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். அனுப்பும் செலவு 45. வரி 34.50 என்று போட்டிருக்கிறார்கள். சரியா? – செந்தூல் வாசகி

சரியில்லை. 30 வெள்ளிதான் வர வேண்டும். 2024 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு வரி உண்டு. அது பொருளின் விலைக்கு மட்டும்தான். அனுப்பும் செலவுக்கும் காப்புறுதிக்கும் சேர்த்துக் கணக்குப் போடக் கூடாது. பில்லைக் காட்டி நாலரை வெள்ளியைத் திருப்பிக் கேளுங்கள். பணம் கட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். வருடக்கணக்காக இதைத்தான் சொல்லி வருகிறேன்.

ஜப்பானிலிருந்து 900 வெள்ளிக்கு ஒரு கேமரா லென்ஸ். இதற்கும் அதே 10 விழுக்காடுதானா? – செராஸ் வாசகர்

500 வெள்ளியைத் தாண்டினால் கணக்கே வேறு. பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்புறுதி மூன்றையும் கூட்டித்தான் சுங்கத்தில் மதிப்புப் போடுவார்கள். இறக்குமதித் தீர்வை உள்ள பொருளானால் அதையும் சேர்த்து, அதன்மேல் விற்பனை வரி வரும். கூரியர் நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் கேட்கலாம். 100, 150 வெள்ளி தனியாக எடுத்து வைத்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பார்சலுக்கு வரி கேட்கிறார்கள். கட்டலாமா, வேண்டாமா?

பெயரில்லை, ஊரில்லை. எந்த நாட்டிலிருந்து வந்தது, என்ன விலை, யார் கேட்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இதற்கு நான் என்ன பதில் எழுதுவது? பில்லை முன்னால் வைத்துக்கொண்டு மறுபடியும் எழுதுங்கள்.

ஃபேஸ்புக் நேரலையில் கோலாலம்பூர் விற்பனையாளர் ஒருவரிடம் இரண்டு சுடிதார் எடுத்தேன், 160 வெள்ளி. அப்புறம் வாட்ஸ்அப்பில் ‘எஸ்எஸ்டி 16, போஸ்டேஜ் 18, மொத்தம் 194’ என்று வந்தது. கொடுக்கத்தான் வேண்டுமா? – பிறை வாசகி

அந்த 16 வெள்ளியைக் கொடுக்காதீர்கள், அம்மா. இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமையே இல்லை. மாதம் தவறாமல் இதே கடிதம் வருகிறது.

எஸ்எஸ்டி என்பது விற்பனை, சேவை வரி. அதில் விற்பனை வரி ஒரே ஒரு கட்டத்தில் வசூலிக்கப்படும் வரி. உள்ளூரில் தயாரித்தால் தொழிற்சாலையிடம், வெளியிலிருந்து வந்தால் இறக்குமதி செய்பவரிடம். துணி கடைக்காரர் கைக்கு வரும்போதே அந்த வரி விலைக்குள் போய்விட்டது. வாங்கி விற்பவர் அதன்மேல் இன்னொரு 10 விழுக்காடு போட இடமே இல்லை. 2015 ஏப்ரலில் வந்த ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வேறு வகை. ஒவ்வொரு கையிலும் 6 விழுக்காடு ஏறி, கடைசி பில்லில் தனி வரியாக அச்சாகும். 2018 ஜூனில் அது பூஜ்யமாகி, செப்டம்பரில் பழைய எஸ்எஸ்டி திரும்பி வந்தது. ஆனால் பில்லில் வரியைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் கட்டும் பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. அதை வைத்துச் சிலர் சம்பாதிக்கிறார்கள்.

வரி கேட்பவரிடம் முதலில் சுங்கத் துறைப் பதிவு எண்ணைக் கேளுங்கள். சுங்கத் துறையின் மைஎஸ்எஸ்டி தளத்தில் அந்தப் பதிவு உண்மையா என்று நீங்களே தேடிப் பார்க்கலாம். எண் கேட்டதும் வரியை எடுத்துவிட்டுப் புதுக் கணக்கு அனுப்பியதாக எத்தனையோ வாசகிகள் எழுதியிருக்கிறார்கள்.

போஸ்டேஜ் 18 வெள்ளி வேறு கதை. அனுப்பும் செலவை விற்பவர் கேட்கலாம். ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வரி, அனுப்பும் செலவு எல்லாம் அடங்கிய முழு விலையை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்று 2012லேயே மின்வணிக விதிமுறை வந்துவிட்டது. விலையைப் போடாமல் ‘விலைக்குப் பிஎம் (தனிச் செய்தி) பண்ணுங்க’ என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. பினாங்கில் இருப்பதால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் முறையிடலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான். அதனால் பில், ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.

இரண்டு தலையணை, 2 கிலோகூட இல்லை. 14 கிலோவுக்குக் கூரியர் கட்டணம் கேட்கிறார்கள்! – ஆயர் ஈத்தாம் வாசகர்

ஏமாற்று இல்லை. எடை குறைந்த பெரிய பெட்டிக்கு அளவை வைத்துத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரத்தை செண்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். 60, 40, 30 அளவுப் பெட்டி என்றால் ஏறக்குறைய 14 கிலோ ஆகிவிடும். காற்றை உறிஞ்சிச் சுருட்டி அனுப்பச் சொல்லுங்கள், பாதிக்குமேல் மிச்சம்.

கூரியர் கட்டணத்துக்கே 6 விழுக்காடு வரியா? – கெப்போங் வாசகி

ஆமாம், 2024 மார்ச் முதல். பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் போடலாம். 8 வெள்ளி கட்டணத்துக்கு 50 காசு பக்கம் வரும். உணவு கொண்டுவந்து கொடுக்கும் கட்டணத்துக்கு இந்த வரி இல்லை.

படம் பார்க்கும் செயலிச் சந்தாவில் 8 விழுக்காடு போட்டிருக்கிறார்கள். – பாயான் லெப்பாஸ் வாசகர்

அது சேவை வரி. சரிதான்.

‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 3.90 வெள்ளி கட்டுங்கள்’ என்று லிங்கோடு எஸ்எம்எஸ் வந்தது. தொகை சின்னது என்பதால் கட்டிவிடலாமா? – பிரிக்பீல்ட்ஸ் வாசகி

தொடவே தொடாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த 3.90 அல்ல, உங்கள் கார்டு எண். பார்சல் எதிர்பார்த்துக்கொண்டிருந்தால், ஆர்டர் போட்ட தளத்துக்குள் நீங்களே போய்க் கண்காணிப்பு எண்ணைப் பாருங்கள். கார்டு விவரத்தைத் தட்டிவிட்டீர்களா? இந்தப் பதிலைப் படித்து முடிக்கக்கூட நிற்காமல் வங்கிக்கும் மோசடிப் புகார் எண் 997க்கும் போன் போடுங்கள்.